சிம்பன்சிகளும் ஊர்க் காடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் காட்டுச் சிம்பன்சிகளைக் காக்கும் பணியில், அக்காடுகளை ஒட்டி வாழும் கிராமத்தாருக்கு என்ன பங்கு உண்டு என்பது குறித்து வாசகர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை மேற்கு டான்சானியாவின் கிகோமா வட்டாரத்தைச் சேர்ந்தவை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே முயற்சி தொடர்ந்து நடந்துவருவதால், அதன் நிறையும் குறையும் இரண்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன.

சமூகம் சார்ந்த பாதுகாப்பு என்று எதைச் சொல்கிறார்கள்?

காட்டை ஒட்டி வாழும் மக்களே அதன் எல்லையை வகுத்து, அதற்கான விதிகளை இயற்றி, அவற்றை நடைமுறைப்படுத்தும் அதிகாரத்தையும் காட்டால் வரும் பயனையும் தம் கையில் வைத்திருக்கும் ஏற்பாட்டை இச்சொல் குறிக்கிறது. மக்களை வெளியேற்றிவிட்டுக் காவலரை நிறுத்திக் காடு காக்கும் பழைய முறைக்கு மாற்றாக இது உருவானது. கிராமத்தாரைக் கூலிக்கு மரம் நட அழைப்பதையும், கூட்டம் கூட்டி விழிப்புணர்வு உரை நிகழ்த்துவதையும்கூடச் சில திட்டங்கள் இப்பெயரால் அழைக்கின்றன. அவை நல்ல காரியங்களாக இருக்கலாம். ஆனால் முடிவெடுப்பது யார் என்று கேட்டால் 'ஊர்' என்று பதில் வராத இடத்தில் இப்பெயருக்கு வேலையில்லை.

தேசியப் பூங்காக்கள் இருக்கும்போது இது எதற்கு?

சிம்பன்சிகளில் பெரும்பகுதி பூங்காக்களுக்குள் வாழவில்லை என்பதே முதல் காரணம். டான்சானியாவில் எஞ்சியுள்ள இரண்டாயிரத்துச் சொச்சம் சிம்பன்சிகளில் பெரும்பான்மை தேசியப் பூங்காக்களுக்கு வெளியே, கிராம நிலங்களிலும் அரசின் பொது நிலங்களிலும் திரிகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 2009-10 காலத்தில் நடந்த தேசியக் கணக்கெடுப்பு அந்நாட்டில் ஏறத்தாழ 5,500 சிம்பன்சிகள் இருப்பதாக மதிப்பிட்டது. அவற்றிலும் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியேதான் இருந்தன. உலகம் முழுவதிலுமாக 1,70,000 முதல் 3,00,000 வரை இருக்கலாம் என்று கணிக்கப்படும் இவ்விலங்கின் நான்கு துணையினங்களில், மேற்கு ஆப்பிரிக்கத் துணையினம் 2016 முதல் 'மிக அருகிவிட்ட' உயிர்களின் பட்டியலில் உள்ளது.

இரண்டாவது காரணம், பூங்காவின் எல்லைக்கோடு வரைபடத்தில்தான் உறுதியாக இருக்கிறது. கோட்டுக்கு வெளியே உள்ள காடு அழிந்துவிட்டால் உள்ளே இருப்பவை தீவில் அகப்பட்டவை ஆகிவிடும். அப்படி ஆன பூங்காக்களுக்குக் கோம்பேயைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

கோம்பே எங்கே இருக்கிறது?

டாங்கனிக்கா ஏரியின் கிழக்குக் கரையில், கிகோமா நகருக்குச் சற்று வடக்கே இருக்கிறது. சாலை கிடையாது, படகில்தான் போக வேண்டும். ஏரிக்கரையிலிருந்து செங்குத்தாக எழும் மலைச்சரிவும், அதைக் கீறிக்கொண்டு இறங்கும் ஓடைப் பள்ளத்தாக்குகளுமாக ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் நிலம். டான்சானியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஆங்கிலேய ஆய்வாளர் ஜேன் குடால் தம் 26-ஆம் வயதில், 1960 ஜூலையில் இங்கே வந்து சிம்பன்சிகள் குறித்த ஆய்வைத் தொடங்கினார். சிம்பன்சி ஒன்று புல்தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டு, அதில் ஏறும் கரையான்களை உண்பதை அவர் பார்த்ததும் அதே ஆண்டில்தான். 1968-இல் இது தேசியப் பூங்கா ஆயிற்று. குடால் 2025 அக்டோபர் 1 அன்று 91 வயதில் காலமானார்.

பூங்காவில் மூன்று கூட்டங்கள் உண்டு: வடக்கே மிதும்பா, நடுவில் கசகேலா, தெற்கே கலாண்டே. 1960-களில் 150 அளவில் இருந்த சிம்பன்சிகள் இன்று நூற்றை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ நிற்கின்றன.

மக்கள் காட்டை ஏன் வெட்டினார்கள்?

வேறு வழி இல்லாததால் வெட்டினார்கள். கிகோமா வட்டாரம் டான்சானியாவின் வறிய பகுதிகளில் ஒன்று. மரவள்ளி, மக்காச்சோளம், பீன்ஸ், வாழை, எண்ணெய்ப் பனை ஆகியவை அங்கே முதன்மைப் பயிர்கள். சமையலுக்கு விறகு, எண்ணெய்ப் பனைப் பழத்தை வேகவைக்க விறகு, நகரத்துக்கு விற்கக் கரி என எல்லாம் அதே மலைச்சரிவிலிருந்துதான் வர வேண்டும். ஊர்களின் மக்கள்தொகை வேகமாகப் பெருகிய காலத்திலேயே, 1993-இல் புருண்டியிலும் 1996-இல் காங்கோவிலும் மூண்ட போர்கள் பெருந்திரளான அகதிகளை இந்த வட்டாரத்துக்குத் தள்ளின. தரிசு விட்டு ஆறப்போட நிலம் இல்லாமல் போனதால், உழவே கூடாத செங்குத்துச் சரிவுகளிலும் மரவள்ளி ஏறியது. மழை மேல்மண்ணை அரித்து ஏரியில் கொட்ட, ஊற்றுகள் வற்றின; மீன்கள் முட்டையிடும் கரையோரப் பாறைகளில் வண்டல் படிந்தது. ஆக, காடு அழிந்ததால் சிம்பன்சிகளுக்கு முன்பே அடிபட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம். வறுமையில் வாடும் மக்கள் 'அறியாமையால்' காட்டை அழிக்கிறார்கள் என்ற பேச்சு எழுதுகிறவருக்கு வசதியானதே தவிர உண்மையன்று.

டக்காரே திட்டம் எப்படித் தொடங்கியது?

1990-களின் தொடக்கத்தில் ஒரு சிறு விமானத்தில் கோம்பேயின் மேலாகப் பறந்த குடால், பூங்காவைச் சுற்றிலும் மொட்டைக் குன்றுகளைக் கண்டு அதிர்ந்ததாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஜேன் குடால் நிறுவனம் 1994-இல் தொடங்கிய திட்டத்துக்கு ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதியின் காடு வளர்ப்பையும் கல்வியையும் குறிக்கும் நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக 'டக்காரே' என்று பெயரிட்டார்கள். முதலில் பூங்காவை ஒட்டிய 12 கிராமங்களில் வேலை நடந்தது. பிறகு அது மகாலே மலைகள் நோக்கித் தெற்கே விரிந்தது.

திட்டத்தின் தொடக்கத்தில் நடந்த ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளூர் மொழி பேசும் டான்சானியப் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று, 'உங்களுக்கு என்ன தேவை?' என்று கேட்டார்கள். கூடுதல் விளைச்சல், மருத்துவ வசதி, குடிநீர், பிள்ளைகளுக்குப் பள்ளி என்பவைதாம் பதிலாக வந்தன. சிம்பன்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் அதுதான் வியப்பு. காடு வளர்ப்பு என்று பெயர் சூட்டிக்கொண்ட திட்டம் மாவட்டச் சுகாதார, கல்வி அலுவலர்களோடு சேர்ந்து குடிநீருக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் வேலை பார்த்தது இதனால்தான்.

மரக்கன்று நடுவதால் காடு வந்துவிடுமா?

வராது, ஆனால் காட்டின் மீதுள்ள சுமை குறையும். கிராம நாற்றங்கால்களில் வளர்த்த கன்றுகளில் மக்கள் விரும்பி வாங்கிச் சென்றவை விரைவில் வளரும் விறகு மரங்களும் பழ மரங்களும்தாம். வீட்டருகே விறகுத் தோப்பு இருந்தால் பெண்கள் மலையேறி அலைய வேண்டியதில்லை. அதோடு, களிமண்ணும் செங்கல்லும் கொண்டு கட்டும் சிக்கன அடுப்பு சேர்ந்தால் விறகின் செலவு கணிசமாகக் குறைகிறது.

காட்டைப் பொறுத்தவரை நற்செய்தி வேறு. இந்த வட்டாரத்துக்கே உரிய மியோம்போ வகைக் காட்டு மரங்களை வெட்டினாலும் வேர் சாவதில்லை. மக்காச்சோளக் கொல்லையாகத் தெரியும் இடத்திலும் மண்ணுக்குள் அடிக்கட்டைகள் உயிரோடு கிடக்கும். உழவையும் வெட்டையும் நிறுத்தி, வறட்சிக் காலத்துத் தீயை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் அக்கட்டைகளிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பும். ஐந்தாறு ஆண்டுகளில் ஆளுயரத்தைத் தாண்டிய இளங்காடு நிற்கும். நட்டு, தண்ணீர் ஊற்றி, வேலி கட்டும் செலவு எதுவும் இதற்கில்லை. தேவைப்படுவதெல்லாம், குறிப்பிட்ட அந்தச் சரிவை யாரும் தொடக்கூடாது என்ற ஊரின் முடிவும், அதைக் கேட்டு நடக்கும் மனமும் மட்டுமே. அந்த முடிவை எப்படி எட்டுகிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

கிராம நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்பது என்ன?

இந்த முயற்சியின் முதுகெலும்பு இதுவே. படம் எடுக்க ஏற்ற காட்சி எதுவும் இதில் இல்லாததால் இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

டான்சானியாவின் 1999-ஆம் ஆண்டுக் கிராம நிலச் சட்டம், ஊரின் எல்லைக்குள் உள்ள நிலத்தை நிர்வகிக்கும் பொறுப்பைக் கிராம மன்றத்துக்கு அளிக்கிறது. முக்கிய முடிவுகளுக்கு, வயதுவந்தோர் அனைவரும் அமரும் கிராமப் பேரவையின் ஒப்புதல் வேண்டும். நம் கிராம சபையை நினைத்துக்கொண்டால் போதும். 2002-ஆம் ஆண்டு வனச் சட்டம், கிராமம் தன் நிலத்தின் ஒரு பகுதியைக் கிராமக் காப்புக்காடாக அறிவிக்க வழிசெய்தது. இவ்விரண்டு சட்டங்களும் இல்லாமல் இருந்திருந்தால், மக்களின் நல்லெண்ணத்துக்குக் காகிதத்தில் இடம் இருந்திருக்காது.

நடைமுறை இப்படிப் போகும். ஆண்களும் பெண்களும் உள்ள ஒரு குழுவை ஊர் தேர்ந்தெடுக்கிறது. மாவட்ட அலுவலர்கள் வந்து அண்டை ஊர்களோடு சேர்ந்து எல்லையை அளக்கிறார்கள். பல வேளைகளில் வேலை தடைபடுவது இந்தக் கட்டத்தில்தான். ஓடை யாருக்கு, மேட்டுக்கு அப்பால் உள்ள மேய்ச்சல் யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் விட்ட வழக்குகள் எல்லாம் அளவுச் சங்கிலி விழுந்ததும் வெளியே வரும். எல்லை ஒப்புக்கொள்ளப்பட்ட பின், குடியிருப்பு, பயிர், மேய்ச்சல், நீர்நிலை, காடு என்று நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விதிகளையும் அபராதங்களையும் எழுதிப் பேரவையில் வைத்து, மாவட்ட மன்றத்தின் ஒப்புதலைப் பெறுகிறார்கள்.

இதில் செயற்கைக்கோள் படங்கள் எதிர்பாராத வகையில் உதவின. லிலியன் பின்டியா தலைமையில் இயங்கிய வரைபடக் குழு, ஒரு மீட்டர் நுணுக்கம் கொண்ட படங்களைப் பெரிய தாளில் அச்சிட்டு ஊர்க் கூட்டங்களில் மேசைமேல் விரித்தது. வரைபடக் கோடுகளும் குறியீடுகளும் புரியாதவர்களுக்கும் இந்தப் படம் உடனே புரிந்தது. வீட்டுக் கூரை, ஒற்றையடிப் பாதை, தனித்து நிற்கும் பெருமரம் என ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினார்கள். எது யாருடைய கொல்லை, எந்தத் தோப்பு முன்னோர் வழிபட்டது, எந்த ஊற்று எப்போது நின்றது என்று முதியவர்கள் படத்தின் மீதே சொல்லிக்கொண்டு போனார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் சொல்ல நினைத்த 'காடு அழிந்துவிட்டது' என்ற செய்தியை ஊர்க்காரர்கள் தாமாகவே படத்தில் படித்துக்கொண்டார்கள்.

2009-க்குள் கோம்பேயைச் சுற்றிய 13 கிராமங்கள் தம் திட்டங்களை முடித்து, மொத்தம் 9,690 ஹெக்டேர் நிலத்தைக் கிராமக் காப்புக்காடாக ஒதுக்கின. அவற்றின் நிலத்தில் இது ஏறத்தாழ கால் பங்கு. ஓர் ஊரின் காடு அடுத்த ஊரின் காட்டைத் தொடுமாறு, மலைச்சரிவு நெடுகிலும் ஒரே தொடராக எல்லைகளை வகுத்தார்கள் என்பதுதான் இதில் அருமை. தனித்தனித் துண்டுகளாக விட்டிருந்தால் பரப்பளவு அதேயாக இருந்தும் சிம்பன்சிக்குப் பயன் இருந்திருக்காது. ஒதுக்கிய நிலத்தில் பெரும்பகுதி உழவுக்கு லாயக்கில்லாத சரிவு என்று குறை சொல்வோர் உண்டு. உண்மைதான், ஆயினும் ஊற்றுகளின் தலை அங்கேதான் இருக்கிறது, சிம்பன்சிகளின் வழியும் அதுதான். குறை சொல்ல வேண்டியது வேறொன்றை: நிலமில்லாத இளைஞருக்கு அந்தச் சரிவும் கைவிட்டுப் போகிறது. அவர்களுக்கு வேறு பிழைப்பு அமையாத ஊரில் இந்த எல்லை நீடிக்காது.

காப்பிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உயரமான மலைப்பகுதியில் உள்ள காளின்சி போன்ற ஊர்களில் நல்ல அராபிகா காப்பி விளைகிறது. நிழல் மரங்களின் கீழ் வளரும் பயிர் என்பதால் காட்டோடு ஒத்துப்போகும். தரம் பிரிக்காமல் மட்டமான விலைக்கு விற்றுவந்த விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தை அமெரிக்கக் காப்பி நிறுவனம் ஒன்றோடு இணைத்து, கோம்பேயின் பெயரிலேயே விற்பனை நடந்தது. காப்பி விலை உலகச் சந்தையைப் பொறுத்தது. ஆகவே இதை ஒரு வருமானம் என்று கொள்ளலாமே ஒழிய, காடு காக்கும் உத்திரவாதமாகக் கொள்ள முடியாது.

ஒதுக்கிய காட்டை யார் காவல் காக்கிறார்கள்?

ஊரே தேர்ந்தெடுக்கும் காட்டுக் கண்காணிப்பாளர்கள். அவர்கள் காட்டுக்குள் நடந்து, வெட்டிய மரம், கரி மூட்டம், கண்ணி, தீயின் தடம், சிம்பன்சியின் கூடு ஆகியவற்றைக் கைப்பேசியில் நிழற்படத்தோடும் இருப்பிடப் புள்ளியோடும் பதிகிறார்கள். சிம்பன்சிகள் அந்திதோறும் மரத்தில் கிளைகளை வளைத்துப் புதிதாகக் கூடு அமைப்பதால், விலங்கைக் காண முடியாத இடத்திலும் கூடுகளை எண்ணி அவற்றின் நடமாட்டத்தை மதிப்பிட முடியும். பதிவுகள் வரைபடமாக மாறிக் கிராம மன்றத்துக்கே திரும்பி வருகின்றன.

தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்; வேலையின் கடினமான பகுதி அதுவன்று. மாமன் மகன் போட்ட கரி மூட்டத்தைப் பதிந்துவிட்டு மாலையில் அதே தெருவில் நடந்து போக வேண்டும். பதிவின்மீது கிராம மன்றம் நடவடிக்கை எடுத்தால்தான் கண்காணிப்பாளருக்கு மதிப்பு. எடுக்காவிட்டால் அவருக்குப் பகை மட்டுமே மிஞ்சும்.

சிம்பன்சிகளைப் பிடித்துப் பெரிய காட்டில் விட்டுவிடலாமே?

காட்டுச் சிம்பன்சியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் மரண தண்டனைக்குச் சமம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி எல்லை உண்டு. ஆண்கள் அணியாகச் சென்று அதைக் காவல் செய்யும். கோம்பேயில் 1974 முதல் 1978 வரை கசகேலா ஆண்கள், தம்மிடமிருந்து பிரிந்துபோன கஹாமா கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொருவராகத் தாக்கி ஒழித்ததை ஆய்வாளர்கள் நேரில் பதிவு செய்தார்கள். புதிய இடத்தில் விடப்படும் ஆணுக்கும் இதே கதிதான் நேரும்.

பெண்களின் வழக்கம் வேறு. பருவமடைந்த பெண் சிம்பன்சிகளில் பல, பிறந்த கூட்டத்தை விட்டு அண்டைக் கூட்டத்தில் சேரும். நெருங்கிய இரத்த உறவுக்குள் இனப்பெருக்கம் நிகழாமல் தடுப்பது இதுவே. இப்படிப் போவதற்குக் காட்டு வழித்தடம் வேண்டும். கிராமக் காப்புக்காடுகளைத் தொடராக வகுத்ததன் உயிரியல் காரணம் இதில் இருக்கிறது: அண்டைக் கூட்டமே இல்லாத தீவில் அந்தப் பெண் எங்கே போகும்?

சிம்பன்சிகள் பயிரை அழிக்கின்றன, மனிதரைத் தாக்குகின்றன என்பது உண்மையா?

உண்மை. இதை மூடி மறைக்கும் பாதுகாப்பு அமைப்பை ஊரார் ஒருநாளும் நம்ப மாட்டார்கள்.

மேற்கு உகாண்டாவின் ஹோய்மா மாவட்டத்தில் உள்ள புலிண்டியில் காடு என்பது ஓடையோரங்களில் எஞ்சிய தனியார் நிலத் துண்டுகளே. மரவணிகத்துக்கும் புகையிலைக்கும் பின்னர் கரும்புக்குமாக அவை அழிந்துவர, சிம்பன்சிகள் ஊருக்குள் நடமாடத் தொடங்கின. அங்கே அவற்றுக்கு மிகவும் பிடித்தது பலா. ஆசியாவிலிருந்து போன இந்த மரம் உகாண்டாவில் வீட்டுக்கு வீடு நிற்கிறது. பழம் தேடி முற்றத்துக்கே வரும் விலங்கு அங்கே விளையாடும் குழந்தையை எதிர்கொள்கிறது. மேற்கு உகாண்டாவில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அவர்களின் பெற்றோரிடம் போய் அருகிவரும் உயிரினத்தின் அருமையை விளக்க யாருக்கும் உரிமை இல்லை.

புலிண்டியில் 2015 முதல் இயங்கும் திட்டம் ஒன்று, தம் நிலத்துக் காட்டுத் துண்டை வெட்டாமல் விடும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்துகிறது. காப்பி நாற்றும் விறகு மரக்கன்றும் தருகிறது. ஆழ்குழாய்க் கிணறுகளும் தோண்டியிருக்கிறார்கள். காட்டோடையில் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களும் சிறுவர்களும்தாம் சிம்பன்சிகளை நேருக்கு நேர் சந்திக்கிறவர்கள் என்பதால், ஊருக்குள் ஒரு கைப்பம்பு இருந்தாலே ஆபத்தின் பெரும்பகுதி குறைந்துவிடும்.

மத நம்பிக்கை இவற்றைக் காக்காதா?

ஓரளவு காக்கும். கினி நாட்டின் போசூ கிராமத்து மனோன் மக்கள் சிம்பன்சிகளைத் தம் முன்னோரோடு தொடர்புபடுத்திப் போற்றுகிறார்கள். கொல்வதும் உண்பதும் விலக்கு. ஊரின் புனிதக் குன்று காடாகவே நிற்பதற்கும் அதுவே காரணம். கல்லால் எண்ணெய்ப் பனங்கொட்டையை உடைத்துத் தின்னும் போசூ சிம்பன்சிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1976 முதல் ஆராய்ந்துவருகிறார்கள். இருந்தும், நீண்ட காலம் இருபதை ஒட்டி இருந்த அந்தக் கூட்டத்தில் 2003-இல் சுவாச நோய் பரவி ஐந்து இறந்தன. இன்று எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. நிம்பா மலைக்காட்டுக்கும் போசூவுக்கும் இடையே சுமார் நான்கு கிலோமீட்டர் புல்வெளி கிடக்கிறது. அதைக் கடந்து புதிய பெண் சிம்பன்சிகள் வராததால் கூட்டம் கிழடு தட்டியது. அந்த வெளியில் மரம் நட்டுப் பசுமை வழித்தடம் உண்டாக்கும் முயற்சி 1997 முதல் நடக்கிறது. வறட்சிக் காலத்துத் தீ அதைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறது.

2024 செப்டம்பரில் அங்கே ஒரு சிம்பன்சி கைக்குழந்தையைக் கொன்றபோது, சினங்கொண்ட மக்கள் ஆய்வு நிலையத்தைத் தாக்கினார்கள். வேட்டையைத் தடுத்த பழைய விலக்கால் பசியையும் தனிமையையும் தடுக்க முடியவில்லை.

வேட்டைதான் பெரிய ஆபத்து இல்லையா?

இடத்துக்கு இடம் மாறும். கிகோமாவில் காடழிவே முதன்மை. மத்திய ஆப்பிரிக்காவில் இறைச்சிக்காகக் கொல்வது கடுமையான சிக்கல். உகாண்டாவின் புடோங்கோ காட்டிலோ சிறுமான்களுக்கும் காட்டுப் பன்றிகளுக்கும் வைத்த கம்பிச் சுருக்கில் சிம்பன்சிகளின் கை மாட்டுகிறது; கம்பி சதையை அறுத்து, விரலோ முழுக் கையோ போய்விடும். அங்கே நெடுங்காலம் ஆராயப்பட்டுவரும் சோன்சோ கூட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி ஊனமுற்றவையாகக் கணக்கிடப்பட்டது. கண்ணி வைப்பதைக் கைவிட்டவர்களுக்கு ஆடுகளும் கால்நடை மருத்துவமும் அளிக்கும் ஏற்பாடு அங்கே நடக்கிறது.

பெண் கல்விக்கும் குடும்பநலத்துக்கும் சிம்பன்சிக்கும் என்ன சம்பந்தம்?

டக்காரே ஊர்களில் பெண் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, பள்ளியில் தனிக் கழிப்பறை, சிறு சேமிப்பு-கடன் குழுக்கள், தன்னார்வலர் வழியாகக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தகவல் ஆகியவை அளிக்கப்பட்டன. படித்த பெண் தாமதமாக மணந்து, தான் விரும்பும் எண்ணிக்கையில் பிள்ளை பெறும்போது நிலத்தின் மீதுள்ள நெருக்கடி குறையும் என்பது திட்டத்தின் கணக்கு. கணக்கு தவறன்று. ஆனால் ஏழைப் பெண்ணின் பிள்ளைப்பேறு விலங்குகளின் நலன் கருதி அளக்கப்படக் கூடாது; அவள் கேட்டுப் பெறும் உரிமையாக அது இருந்தால் மட்டுமே ஏற்கத் தக்கது. கிகோமாவில் மருத்துவ வசதியைக் கேட்டவர்கள் ஊரார் என்பதால் இந்த வேலை தாக்குப்பிடித்தது.

மனிதரின் நோய் அவற்றுக்குத் தொற்றுமா?

தொற்றும். நமக்குச் சாதாரணச் சளியாக முடிவது அவற்றுக்கு நிமோனியாவாகலாம். 1966-இல் கோம்பேயில் இளம்பிள்ளைவாதம் பரவியது. 1987-இல் சுவாச நோய் பல உயிர்களைப் பறித்தது. எச்ஐவியின் மூதாதையான வைரஸ் வகையும் கோம்பே சிம்பன்சிகளிடம் உண்டு. அது தொற்றியவை பிறவற்றைவிட 10 முதல் 16 மடங்கு இறப்பு அபாயத்தில் உள்ளதாக 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு ஒரு கொள்ளைநோய் போதும். ஊரில் தடுப்பூசியும் சுகாதார நிலையமும் இருப்பது சிம்பன்சிக்கும் காப்பு.

இவ்வளவும் செய்து பலன் கிடைத்ததா?

காட்டைப் பொறுத்தவரை பாதி ஆம். கோம்பேக்குக் கிழக்கே முன்பு மொட்டையாக இருந்த சரிவுகளில் இளங்காடு திரும்பியிருப்பதைச் செயற்கைக்கோள் படங்களிலேயே காணலாம். அதே காலத்தில் தெற்கே மசிட்டோ-உகால்லா பகுதியில் புதிய குடியேற்றமும் கரியும் தீயும் காட்டைத் தின்றுகொண்டிருக்கின்றன.

சிம்பன்சிகளின் எண்ணிக்கையோ உயரவில்லை. தெற்குக் கலாண்டே கூட்டம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. இதை வைத்துத் திட்டம் தோற்றது என்பது அவசரம். பெண் சிம்பன்சி 13-14 வயதுக்கு மேல்தான் முதல் குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். 1994-இல் பிறந்த ஒன்று இன்று நான்கு குட்டிகளுக்குத் தாயாக இருந்தாலே அதிகம். முப்பதாண்டு என்பது திட்ட அறிக்கைக்கு நீளமான காலம். இந்த விலங்குக்கு ஒரு தலைமுறையைச் சற்றே தாண்டிய காலம்.

உண்மையான பலவீனம் பணத்தில் இருக்கிறது. எல்லை அளப்பதும் திட்டம் புதுப்பிப்பதும் இன்னமும் பெருமளவு வெளிநாட்டு நிதியில் நடக்கின்றன. நன்கொடையாளரின் நாட்டம் திரும்பினால் வேலை நிற்கும். சட்டம் ஊருக்குக் கொடுத்திருக்கும் உரிமை அப்போதும் இருக்கும் என்பதால்தான், மரக்கன்று எண்ணிக்கையைவிட நில ஆவணத்துக்கு இங்கே கூடுதல் இடம் தரப்பட்டது.

அநாதைக் குட்டிகளுக்கான காப்பகங்கள் போதாதா?

காப்பகம் கடைசி அரண். ஒரு குட்டியை உயிரோடு பிடிக்கத் தாயையும், தடுக்க வரும் மற்றவற்றையும் கொல்ல வேண்டியிருப்பதால், காப்பகத்துக்கு வரும் ஒவ்வொரு குட்டிக்குப் பின்னும் காட்டில் பல சாவுகள் உண்டு. இதைக் காப்பகம் நடத்துவோரே முதலில் சொல்வார்கள்.

சியரா லியோனின் டாக்குகாமா காப்பகம் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒன்று. இலங்கையில் பிறந்த கணக்காளரான பாலா அமரசேகரன், 1980-களின் இறுதியில் ஓர் ஊரில் விற்பனைக்குக் கட்டிவைத்திருந்த நோயுற்ற குட்டியைத் தம் மனைவியோடு மீட்டு வளர்த்தார். 1995-இல் தலைநகர் ஃப்ரீடவுனை ஒட்டிய காட்டில் காப்பகத்தை நிறுவி, உள்நாட்டுப் போர்க் காலத்திலும் எபோலா காலத்திலும் அதை நடத்தினார். முன்னர் சொன்ன தேசியக் கணக்கெடுப்பை நடத்தியதும் இந்த அமைப்புதான். கிராமங்களோடு உடன்படிக்கை செய்து காடு காக்கும் வேலைக்கும் அது இறங்கியது. 2019-இல் சிம்பன்சியை அந்நாடு தேசிய விலங்காக அறிவித்தது. அதே தலைநகரை ஒட்டிய மலையில் 2017 ஆகஸ்ட் 14 அன்று நேர்ந்த நிலச்சரிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். சரிவில் காட்டை அழித்துக் கட்டிய வீடுகளும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டன. காப்பகத்தைச் சூழ்ந்த, தேசியப் பூங்காவான காட்டை ஆக்கிரமிப்பது நிற்காததால், 2025 மே மாத இறுதியில் டாக்குகாமா எதிர்ப்பைத் தெரிவிக்கும் வகையில் பார்வையாளருக்குக் கதவை மூடியது. தேசிய விலங்கு என்ற பட்டமும் பூங்கா என்ற பெயரும் இருந்தும் நகரின் வாசலிலேயே இந்த நிலை.

கோம்பேக்குச் செல்ல விரும்புவோர் எதைக் கவனிக்க வேண்டும்?

கிகோமாவிலிருந்து படகில் சென்று, பூங்கா வழிகாட்டியோடுதான் காட்டுக்குள் நடக்க முடியும். சிம்பன்சிகளுக்கு அருகே இருக்கும் நேரம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. குறைந்தது பத்து மீட்டர் இடைவெளி விட வேண்டும், அவை நெருங்கினால் நாம் விலக வேண்டும், அங்கே உண்ணவோ துப்பவோ கூடாது. நுழைவுக் கட்டணம் பூங்கா நிர்வாகத்துக்குப் போகிறது. ஊர்களுக்கு நேரடியாக ஏதேனும் போய்ச் சேர வேண்டுமென்றால் உள்ளூர்ப் படகுக்காரரையும் கடையையும் விடுதியையும் நாடலாம். இருமலோ காய்ச்சலோ உள்ளவர், கட்டணம் கட்டிவிட்டிருந்தாலும், அன்றைய நடையை விட்டுவிட வேண்டும்.